வெயில் வேறு, சூடு வேறு

கையில் இருக்கும் டீ ஆறுவதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆவி மேலே போகிறது. டம்ளர் விரலைச் சுடுகிறது. ஃபேன் காற்று மிச்சத்தை வாரிக்கொண்டு போகிறது. சூட்டுக்கு ஓர் இடத்தில் இருக்கப் பிடிக்காது. வீட்டிலேயே சூரிய அடுப்பு செய்ய நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். வெயில் தானாக வந்து விழுகிறது. வந்ததை வெளியே விடாமல் வைத்திருப்பதில்தான் வேலை இருக்கிறது.

ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனெடிக்ட் தெ சொசூர் 1767-இல் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து வெயிலில் காட்டினார். உள்ளே வைத்த பழங்கள் வெந்துவிட்டன. பிறகு உள்பக்கம் கறுப்பாக்கிய மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஆல்ப்ஸ் மலைச் சிகரம் ஒன்றுக்குத் தூக்கிப்போனார். அங்கே காற்று சுமார் 6 டிகிரி செல்சியஸ். பெட்டிக்குள் சுமார் 88. கீழே இறங்கி, காற்று 25 டிகிரி இருக்கும் இடத்தில் பார்த்தால், பெட்டிக்குள் ஏறக்குறைய அதே அளவு. ஊர் புழுங்குகிறதா, குளிர்கிறதா என்பதைவிட வெயில் நேராக விழுகிறதா என்பதுதான் முக்கியம்.

நம் வீட்டில் இதற்கு இரண்டு அட்டைப்பெட்டி போதும். சின்னதைப் பெரியதற்குள் வையுங்கள். நாலு பக்கமும் அடியிலும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, கசக்கிய செய்தித்தாளோ வைக்கோலோ அடையுங்கள். தெர்மோகோல் வேண்டாம், சூட்டில் சுருங்கிவிடும். உள்சுவரில் அலுமினியத் தாள், அடியில் கறுப்புத் தகடு, மேலே சாதாரண ஜன்னல் கண்ணாடி. பெரிய பெட்டியின் மூடிக்கும் தாள் ஒட்டி, வெயிலை உள்ளே திருப்பும்படி சாய்த்து நிறுத்துங்கள்.

வெளிச்சம் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே போகும். கறுப்பில் பட்டுச் சூடாக மாறிய பிறகு அதே வழியில் திரும்ப முடியாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நடப்பதும் இதேதான்.

பாத்திரம் மெல்லியதாக, மூடியோடு, வெளியே கறுப்பாக இருக்க வேண்டும். விறகடுப்பில் கரியேறிய பழைய அலுமினியப் பாத்திரம் இருந்தால் தேய்க்காமல் அப்படியே வையுங்கள்.

அட்டை தீப்பிடிக்காதா என்று கேட்பீர்கள். இந்த மாதிரிப் பெட்டிக்குள் சூடு 130 டிகிரியைத் தாண்டுவது அரிது. காகிதம் பற்ற 200-க்கு மேல் வேண்டும். அரிசி வேக 100 டிகிரிகூடத் தேவையில்லை, 85, 90 போதும், நேரம்தான் கூடும். காலை பத்து மணிக்கு வைத்த அரிசி பன்னிரண்டு மணி வாக்கில் சோறாகியிருக்கும். ஊறவைத்த பருப்புக்கு இன்னும் கொஞ்சம் நேரம். அடிபிடிக்காது, கிளற வேண்டாம். கண்ணாடியை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். கண்ணாடியின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றால் வேலை நடக்கிறது. விளிம்பில் ஆவி கசிந்தால் சூடும் அந்த வழியாகவே போகிறது. பழந்துணியை மடித்து அடையுங்கள்.

இதில் தோசை சுட முடியாது, தாளிக்க முடியாது, ராத்திரிச் சமையல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடலாம். நடுவில் மேகம் மூடினால், அரைவேக்காட்டை வெதுவெதுப்பில் விடாமல் உடனே காஸ் அடுப்புக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கெட்டுப்போகும்.

காஸ் அடுப்பை இது ஓரங்கட்டிவிடாது. ஆனால் மாசி முதல் ஆவணி வரை, மொட்டைமாடியில் வெயில் விழும் வீட்டில், மதியச் சோற்றையும் பருப்பையும் இது பார்த்துக்கொள்ளும். முதல் நாள் அரிசி வேண்டாம். ஒரு பிடி வேர்க்கடலையும் இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வைத்துப் பாருங்கள்.