உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரை நோயைத் தடுத்த குறுஞ்செய்தி

சாதாரண பட்டன் போனுக்கு வரும் குறுஞ்செய்திகூடச் சர்க்கரை நோயைத் தடுக்க உதவும். சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. நோய் வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்கள் பங்கேற்றார்கள். உணவு, உடற்பயிற்சி ஆலோசனை எல்லோருக்கும் உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து போயின. அதுவும் ஒரே அறிவுரை எல்லோருக்கும் அல்ல. இப்போதுதான் மாற யோசிக்கிறாரா, நடைப்பயிற்சியைத் தொடங்கியே விட்டாரா என்று அவரவர் மனநிலைக்கு ஏற்ப எழுதினார்கள். ஆய்வின் உயிரே இதில்தான் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும், பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. பெண்களையும் சேர்த்து நடத்தியிருக்க வேண்டிய ஆய்வு இது.