தாயுண்ட உணவும் சேயுண்ட பாலும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் பகுத்துப் பாடுவதாகும். ஐந்தாம் திங்களில் செங்கீரை. கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதாம் திங்களில் சப்பாணி. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவம். பாட்டியல் நூல்கள் திங்களின் எண்ணிக்கையில் சற்றே வேறுபடினும் இம்முறையைப் போற்றுகின்றன. நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்களும் இப்பருவங்களையே கைக்கொண்டனர். வகுப்பறையில் இதனை மரபு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குழந்தை மருத்துவர்களோ ஏறத்தாழ இதே பட்டியலைத் தம் மேசைமேல் வைத்திருக்கின்றனர். தலை நிற்பது எப்போது, உட்காருவது எப்போது, கை தட்டுவது எப்போது என்று குறித்துப் பார்க்கின்றனர்.

செங்கீரை ஆடிய குழந்தை சில திங்கள் கழித்துத் தலை நிற்காமல் துவண்டால் என்ன பொருள்? இவ்வினாவிற்கு விடை கண்ட இடங்களுள் முதன்மையானது நம் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களான ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகிய நால்வர், 1962ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினர். அக்குழந்தைகள் தாய்ப்பால் உண்டு வளர்ந்தவர்கள். ஆயினும் சிரிப்பு மறைந்தது. முகம் பார்ப்பது நின்றது. கற்ற அசைவுகள் ஒவ்வொன்றாக நழுவின. கைகால்களின் தோல் கருத்தது. சிலருக்குத் தம்மையறியாத உடலசைவுகளும் தோன்றின. குருதியில் சிவப்பணுக்கள் அளவில் பெருத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் காணப்பட்டன. காரணம் பி12 என்னும் உயிர்ச்சத்தின் குறைபாடு. தாயிடம் அது இல்லை. ஆகவே பாலிலும் இல்லை.

தாய்ப்பாலை அமுதம் என்று போற்றி வந்த நமக்கு இச்செய்தி கசப்பாக இருக்கலாம். உடலின் நியதியை அறிந்தால் கசப்பு நீங்கும். பாலில் சேரும் சத்துகளை இருவகையாகப் பிரிக்கின்றனர். சுண்ணாம்புச் சத்து, இரும்பு, துத்தநாகம், போலிக் அமிலம் முதலியன, தாய் நன்றாக உண்டாலும் உண்ணாவிட்டாலும், பாலில் பெரும்பாலும் ஒரே அளவில் அமைகின்றன. தன் எலும்பைக் கரைத்தேனும் தாயுடல் சுண்ணாம்பைப் பாலுக்கு அனுப்பிவிடும். ஏ, பி1, பி2, பி6, பி12 ஆகிய உயிர்ச்சத்துகளும் அயோடினும் அப்படியல்ல. தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும். இங்கே ஈகை என்பது கையிருப்பைப் பொறுத்தது.

பி12 தாவரங்களில் இல்லை. நுண்ணுயிர்களே அதனை ஆக்குகின்றன. நமக்கு அது இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால், தயிர் வழியாகவே வருகிறது. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 மைக்ரோகிராம் போதும்; ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கி அதில் மூன்று கூறு. இத்துணைச் சிறிய அளவும் கிட்டாமற்போவதற்கு வறுமை ஒரு காரணம், புலால் மறுத்தல் மற்றொரு காரணம். புலால் உண்ணும் குடும்பமாயினும் கறியும் மீனும் திங்களுக்கு ஒருமுறை வந்து, அதுவும் ஆடவர் உண்டபின் எஞ்சியதே பெண்டிர்க்கு வாய்க்குமானால், அவ்வீட்டுத் தாய் பெயரளவில்தான் புலால் உண்பவள். கருவிலிருக்கும்போது தாய் தந்த சேமிப்பு சில திங்களில் தீர்கிறது. அதனால்தான் பிறந்தபோது நன்றாயிருந்த குழந்தை, நான்காம் திங்களுக்கும் பத்தாம் திங்களுக்கும் இடையில் துவளுகிறது. தாய்க்கோ நோயின் அறிகுறி ஒன்றும் வெளித்தோன்றாமல் இருக்கலாம்.

இவ்விடத்தில் சென்னைத் திருவல்லிக்கேணிக்கு ஒரு சுற்று சென்று வருவோம். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற பெண்டிரைக் கொன்றுவந்த கடுஞ்சோகையை ஆராய்ந்தார். வறிய இசுலாமியப் பெண்களின் உணவே மிகக் குறைபாடுடையது, சோகையும் அவர்களையே மிகுதியாகப் பற்றுகிறது என்று கண்டார். 1931இல் சென்னைக் கோஷா மருத்துவமனையில் தம் பணியைத் தொடர்ந்தார். முகத்திரையிட்ட மகளிர் அயலாடவர் முன் வாராமல் மருத்துவம் பெறும்பொருட்டு எழுந்த அம்மருத்துவமனை, இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. முதியோர் நாவில் இன்றும் அது கோஷா ஆசுபத்திரிதான். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு இச்சோகையைத் தீர்த்ததை வில்ஸ் காட்டினார். அதிலிருந்த பொருளே பின்னர்ப் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் அரசு தரும் இரும்புச் சத்து மாத்திரையில் அது 500 மைக்ரோகிராம் அளவில் சேர்ந்துள்ளது. நம் மகளிரின் துயரத்திலிருந்து உலகு பெற்ற மருந்து அது. நம் சமுதாயத்தில் இதனை அறிந்தோர் எத்தனை பேர்?

ஆனால் அம்மாத்திரையில் பி12 இல்லை. இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. பி12 குறைந்தவர்க்குப் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் சோகை ஓரளவு தெளியும். நரம்பின் கேடோ உள்ளே தொடரும். மாத்திரை வேண்டா என்பது இதன் பொருளன்று; அதனுடன் உணவும் வேண்டும் என்பதே.

பி1 பற்றி ஒரு சொல். தவிடு நீக்கித் தீட்டிய பச்சரிசியையே உண்ட தாயரின் குழந்தைகள் பெரிபெரி நோயால் திடீரென மாண்டதைப் பிலிப்பைன்ஸில் கண்டனர். அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், அஃதாவது ஆந்திரக் கடலோரத்தில், இத்தகைய குழந்தை இறப்பைக் குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தின் அய்க்ராய்டும் கிருஷ்ணனும் ஆராய்ந்து 1941இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டைக் காத்தது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து உள்ளே இறங்கிவிடுகிறது.

வேலூரிலிருந்து சென்னை நோக்கி வரும் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூர். அங்கிருந்து ஒரகடம் வரை வயல்களும் ஏரிகளும் இருந்த நிலம், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர் ஆலைகளின் நிலமாயிற்று. மின்னணு ஆலைகளில் உழைப்போருள் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினரான பெண்கள். நம் மாணவியரின் தமக்கையரும் தங்கையரும் அவர்களுள் உண்டு. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதால் அப்பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்ததை நாடறியும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. படுக்கைக்குக் கணக்கு இருப்பதுபோல் தட்டுக்கும் கணக்கு இருக்க வேண்டும். பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிக்கப்படும் சத்து. இருபது வயதில் விடுதித் தட்டில் வாரம் எத்தனை முட்டை, எத்தனை குவளைத் தயிர் என்பது இருபத்தைந்து வயதில் சுரக்கும் பாலைத் தீர்மானிக்கிறது. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோர்க்கு வெயிலும் அரிது. எனவே டி உயிர்ச்சத்துக்கும் இக்கவலை பொருந்தும்.

மகப்பேற்று விடுப்பு 2017இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டும் என்னும் மருத்துவ நெறிக்கு இது சரியாகப் பொருந்துவதாகத் தோன்றும். பேற்றுக்கு முன்னரே 8 வாரம் எடுத்தவளுக்கு எஞ்சுவது 18 வாரம். நான்கு திங்களில் ஆலைக்குத் திரும்பும் தாய்க்குப் புட்டிப்பாலே துணை என்று கடைகள் சொல்லும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளம்பரத்தைத் தடுத்துள்ளது. புட்டிப்பால் குறையற்றது என எண்ணுவதும் தவறு. 2003இல் இசுரேலில் பி1 சேர்க்கத் தவறிய சோயா மாவை உண்ட குழந்தைகள் சிலர் இறந்தனர்.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு ஈரலும் ஆட்டுக்கால் சாறும் கொடுப்பதும், கடலோரத்தார் பால்சுறாப் புட்டு ஆக்குவதும் அறிவார்ந்த வழக்கங்கள். பத்தியம் என்ற பெயரில் திங்கள் கணக்காக இரசமும் சோறும் மட்டும் தருவதை நாம் ஏற்கவில்லை. புலால் உண்ணாத தாய் பாலும் தயிரும் நாள்தோறும் உண்பதோடு, மருத்துவரைக் கேட்டுப் பி12 மாத்திரையும் கொள்ளுதல் நன்று.

குறை கண்ட குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுவதில்லை. தாய்க்கும் சேய்க்கும் சேர்த்தே மருந்து தரப்படுகிறது. ஊசி போட்ட சில நாள்களில் குழந்தை முகம் பார்க்கிறது, பிறகு சிரிக்கிறது. மருத்துவம் தொடங்கியபின் நடுக்கம் சிலருக்குப் புதிதாகத் தோன்றி மறைவதும் உண்டு. அதற்கு அஞ்சி மருந்தை விட்டுவிடலாகாது. நெடுநாள் கவனிக்கப்படாத குழந்தைகளுள் சிலர்க்குப் பேச்சும் அறிவும் பின்தங்கியே நின்றுவிடுகின்றன. ஆகவே துவளும் குழந்தையைத் திருஷ்டி என்றும் சோம்பல் என்றும் நாள் கடத்தாமல், தாயையும் உடன் அழைத்துச் சென்று இருவர் குருதியையும் காட்டுதல் வேண்டும். பி12 அளவிடும் வசதி இல்லாத ஊரிலும், ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், பெருத்த சிவப்பணுக்கள் பல வேளைகளில் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.