குளிரூட்டி குளிராதபோது

மோட்டார் வண்டியின் குளிரூட்டி செயலற்றுப் போனால், "காஸ் முடிந்துவிட்டது, அடித்தாற் சரி" என்னும் தீர்ப்பே பெரும்பாலும் நம் செவியில் விழுகின்றது. காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுள் மீண்டும் மீண்டும் சுற்றி வருவது. பல்லாண்டுகளிற் சிறிது கசிதல் இயல்பே. ஆயின் திடீரெனக் குறைந்ததெனின் எங்கோ ஒழுக்கு உண்டு. அதனைக் காணாது நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும், பணமும் வீண்.

குளிரூட்டி என்னும் பெயரும் நம்மைச் சற்று மயக்குவதே. அது குளிரை ஊட்டுவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கி வெளியே கொண்டு செல்கின்றது. தமிழாசிரியராகிய நாம் 'வெப்பநீக்கி' என்றே அழைக்க விரும்புவோம். வழக்கை மாற்ற வல்லார் யார்! திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவரும். வண்டிகள் பலவற்றிலுள்ள ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரண வளியமுக்கத்திற் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்ட்டின் பின்னுள்ள குழாய்ச் சுருளில் அது ஆவியாகி வெப்பத்தை ஏற்கும். கொம்பிரசர் அவ்வாவியை நெருக்கி, வண்டியின் முகப்பிலுள்ள கொண்டென்சருக்கு அனுப்பும். அங்கே வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து, அது மீண்டும் திரவமாகும். ஆகவே, வெப்பம் எவ்விடத்தில் தடைப்பட்டது என்பதே நாம் வினவ வேண்டியது.

உள்ளே வரும் காற்றே குறைவாயின் காஸைப் பழித்தல் வேண்டா. பல வண்டிகளில் டாஷ்போர்ட் பெட்டியின் பின்னே உள்ள வடிகட்டியிற் புழுதி அடைத்திருக்கும்.

காற்று நன்றாக வந்தும் குளிரில்லையா? வண்டி ஓடும்போது குளிர்ந்து, சந்தியில் நிற்கும்போது வெப்பமாகின்றதா என்று கவனிக்க. ஆயின் ஐயம் கொண்டென்சரின் மேலும் அதன் விசிறியின் மேலுமே செல்லும். ஓடும்போது எதிர்காற்றுச் செய்யும் பணியை, நிற்கும்போது விசிறியே செய்தல் வேண்டும். செம்மண் புழுதியும் பூச்சிகளும் கொண்டென்சரின் தகடுகளை அடைத்தாலும் இதே விளைவு. மென்மையாக நீர் தெளித்துக் கழுவினாற் போதும். தகடுகள் எளிதில் வளைவன. எஞ்சின் நின்ற பின்னும் விசிறி சுழலக்கூடும், கை கவனம்.

எவ்வேளையும் குளிரில்லையெனின், கிளச்சு உள்ள வண்டியிற் குளிரூட்டியின் பொத்தானை அழுத்தியதும் 'டிக்' என்னும் ஒலி கேட்கின்றதா என்று செவி கொடுக்க. கேளாவிடின் பியூஸ், றிலே, பெல்ட் என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். காஸ் மிகக் குறைந்தாலும் அமுக்கச் சுவிச்சு கொம்பிரசரை இயங்க விடாது. குழாய் மூட்டுகளிற் புழுதி படிந்த எண்ணெய்க் கறை தென்படின், ஒழுக்கு அங்கேயே இருத்தல் கூடும். கொம்பிரசரின் எண்ணெய் காஸுடன் கூடவே பயணஞ் செய்வது. ஹைபிரிட் வண்டிகள் பலவற்றிற் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தால் இயங்குவது. அவற்றின் செம்மஞ்சள் நிறக் கம்பிகளை நாம் தொடலாகாது.

குழாயைத் தாமே கழற்றுதலும் தகாது. பீறிடும் திரவம் தோலை உறைய வைத்துப் புண்ணாக்கும். அன்றியும், வளிமண்டலத்திற் கலந்த ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில் 1,300 கிலோவுக்கு மேற்பட்ட கரியமிலவாயுவுக்கு ஒப்பாகப் புவியை வெப்பமாக்க வல்லது.

கராஜில் நாம் கேட்க வேண்டியவை சில. ஒழுக்கைக் கண்டு அடைத்தபின், வெற்றிடப் பம்பியாற் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினரா? ஈரம் எஞ்சினால் உட்பாகங்களை அரிக்கும். காஸை நிறுத்து நிரப்பினரா? அளவு மிஞ்சினாலும் குளிர் குறையும், கொம்பிரசரும் கெடும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பொனற்றின் உட்புறத்தில் ஒட்டிய சிட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.