இரும்புச் சாவி நிறுத்துமா வலிப்பை?
கத்தி இல்லாத காந்த வைத்தியம்

புதூர்ப் பக்கம் கரிசல் காடு. பருத்தி எடுக்கும் நேரம். பள்ளிக்கூட வயதுப் பையன் ஒருவன் திடீரென்று விழுகிறான். கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை!

"சாவியைக் கொண்டு வாங்க! இரும்பைக் கையிலே கொடுங்க!"

இரண்டு நிமிஷத்தில் வலிப்பு நிற்கிறது. "இரும்பு காப்பாற்றியது" என்கிறார்கள்.

இல்லை! தானாகத்தான் நின்றது. பெரும்பாலான வலிப்பு ஐந்து நிமிஷத்துக்குள் தானே அடங்கிவிடும்.

மூளையில் மின்சாரம்

நம் மூளை மிகச் சிறிய மின்சாரத்தால் வேலை செய்கிறது. ஜெர்மனி டாக்டர் ஹான்ஸ் பெர்கர், 1924-ம் ஆண்டில் அதை முதன்முதலில் மனிதரிடம் பதிவு செய்தார். மூளை அணுக்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் கூச்சல் போட்டால், அதுதான் வலிப்பு. இது பேய் அல்ல, சாபம் அல்ல, தொற்றுநோயும் அல்ல.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. தக்க சிகிச்சை கிடைத்தால், 10 பேரில் 7 பேர்வரை வலிப்பு இல்லாமல் வாழலாம். மற்றவர்கள் கதி?

வேலூரில் ஒரு வாலிபர்

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டும் வலிப்பு அடங்காவிட்டால், அது மருந்துக்கு மசியாத வலிப்பு. அதற்கும் வழி உண்டு. 1952-ம் ஆண்டிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ஜேக்கப் சாண்டி 19 வயது வாலிபர் ஒருவருக்கு வலிப்பை நிறுத்த மூளையில் ஆபரேஷன் செய்தார். இந்தியாவில் இதுவே முதல் தடவை!

ஆனால் எல்லோருக்கும் ஆபரேஷன் ஒத்துவராது. கத்தி படாமல் மூளையை அமைதிப்படுத்த முடியாதா?

தலைமேல் கம்பிச்சுருள்

1985-ம் ஆண்டு, இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் ஒரு கருவியைக் காட்டினார். தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருள். அதில் நொடிப்பொழுது மின்சாரம் பாய்கிறது. அதனால் எழும் காந்த சக்தி, மண்டை ஓட்டைத் தாண்டி, மூளைக்குள் சிறு மின்சாரத்தை உண்டாக்குகிறது. மயக்க மருந்து வேண்டாம், தையல் வேண்டாம்.

விநாடிக்கு ஒன்று வீதம் மெதுவாகத் துடிப்புக் கொடுத்தால், கூச்சல் போடும் இடம் கொஞ்சம் அடங்குகிறது. சிலருக்கு வலிப்பு குறைந்தது. சிலருக்குப் பலன் இல்லை. அபூர்வமாக, இக்கருவியே வலிப்பைத் தூண்டிவிடுவதும் உண்டு. ஆகவே வலிப்புக்கு இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. வளரும் பிள்ளைகளிடம் நடந்த ஆராய்ச்சி இன்னும் குறைவு. "காந்தத்தால் அடியோடு குணமாக்குகிறேன்" என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்காதீர்கள்!

பெற்றோர் செய்யவேண்டியது

வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கிணற்றுக்கும் அடுப்புக்கும் தனியே அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டாயம் அனுப்புங்கள்!

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது. இரண்டு மருந்தும் கேட்கவில்லையா? விதி என்று உட்காராதீர்கள். மதுரைக்கு பஸ் ஏறி, பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு வைத்தியரைப் பாருங்கள்.

சாவி பெட்டியைத் திறக்கத்தான். பிள்ளையின் வாழ்வைத் திறப்பது வைத்தியம்!