கடலடியில் வழிகாட்டும் டிஜிட்டல் திசைகாட்டி

கடலுக்கடியில் ஜிபிஎஸ் எடுபடாது. செயற்கைக்கோளின் ரேடியோ அலைகளை உப்புநீர் சில சென்டிமீட்டருக்குள் விழுங்கிவிடும். பூமியின் காந்தப்புலத்துக்கு அந்தத் தடை இல்லை என்பதால் ஸ்கூபா முக்குளிப்பவர்கள் இன்றும் திசைகாட்டியையே நம்புகிறார்கள். முன்பு எண்ணெயில் மிதந்த ஊசியின் வேலையை இப்போது மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சில்லு செய்கிறது.

அந்தச் சில்லு மூன்று அச்சுகளில் காந்தப்புலத்தை அளக்கிறது. கூடவே உள்ள முடுக்கமானி, கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் திரையில் டிகிரி தெரிகிறது. ஊசிக் கருவியைச் சாய்த்தால் ஊசி கூட்டில் உரசி நின்றுவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. லண்டனில் காந்தப்புலம் சுமார் 66 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் சாய்வுத் திருத்தம் அங்கே உயிர்நாடி. தமிழகக் கடலில் புலம் ஏறக்குறையக் கிடைமட்டம். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா, ஏவுதளமாகத் தேர்வானதும் அதனால்தான். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் சென்னையில் ஓரிரு டிகிரிதான். ஆக, திசைகாட்டிக்கு இது ராசியான கடல்.

கருவியை ஏமாற்றுவது பக்கத்திலுள்ள இரும்பும் காந்தமும்தான். காந்த சுவிட்ச் வைத்த டார்ச்சை அதே கையில் பிடித்தாலே எண் தாவும். பேட்டரி மாற்றினால் கருவியை எல்லாப் பக்கமும் சுழற்றி மீண்டும் அளவு திருத்த வேண்டும். அதை வீட்டு மொட்டைமாடியில் செய்துவிட்டுக் கடலுக்குக் கிளம்புவது சரிவராது. தளத்துக்குள் ஓடும் கம்பிகளின் காந்தத் தாக்கமும் கணக்கில் ஏறிவிடும். கம்பியும் வண்டியும் இல்லாத திறந்தவெளியே ஏற்றது. 1942 ஏப்ரல் 9-ல் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்எம்எஸ் ஹெர்மீஸ் போன்ற எஃகுக் கப்பல்களின் அருகே எந்தத் திசைகாட்டியையும் நம்ப முடியாது. அங்கே கயிற்றைக் கட்டி விட்டுக்கொண்டே போவதுதான் வழக்கம்.

பயன்படுத்தும் முறை எளிது. நங்கூரக் கயிற்றடியில் கருவியை நெஞ்சுக்கு நேரே நீட்டி, போக வேண்டிய பக்கம் திரும்பி, பொத்தானை அழுத்தினால் அந்தத் திசை பதிவாகிவிடும். விலகினால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அம்புக்குறி காட்டும். திரும்பி வர 180 டிகிரி கூட்டும் கணக்கையும் கருவியே போட்டுவிடும். 100 மீட்டர் தூரத்தில் 5 டிகிரி பிசகினால் சுமார் 9 மீட்டர் தள்ளிப் போய்ச் சேர நேரும். கலங்கல் நாளில், ஐந்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபோது, கயிற்றைத் தவறவிட அது போதும்.

ஆனால் கருவி காட்டுவது முக்குளிப்பவர் பார்க்கும் திசையை. நீர் அவரை எங்கே கொண்டுபோகிறது என்பதை அல்ல. நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகத்தில் கிழக்கே 100 மீட்டர் நீந்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தெற்கிலிருந்து அரை நாட் வேகத்தில் நீரோட்டம் இருந்தால், அதுவும் நிமிடத்துக்கு 15 மீட்டர்தான். போய்ச் சேரும்போது 100 மீட்டர் வடக்கே தள்ளப்பட்டிருப்பார். 270 டிகிரியில் பிசகாமல் திரும்பினாலும் இன்னொரு 100 மீட்டர். திரையில் எண் கடைசிவரை சரியாகவே இருக்கும். படகு மட்டும் 200 மீட்டர் தெற்கே இருக்கும்.

சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்கிறார்கள். பருவத்தோடு இது மாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பொதுவாக ஓட்டம் தெற்கு நோக்கி. இறங்குமுன் அன்று எது ஓடுகிறது என்று படகோட்டியிடம் கேட்பது எந்தக் கருவியையும்விட உதவும். முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்திவிட்டால், திரும்பும்போது அதுவே படகை நோக்கித் தள்ளும். பேட்டரி தீர்ந்தால் கைகொடுக்க ஓர் ஊசித் திசைகாட்டியும் கூட இருப்பது நல்லது. அப்படியும் நங்கூரக் கயிறு தட்டுப்படாவிட்டால், நீருக்குள் தேடி அலைந்து காற்றைத் தீர்க்காமல், மிதவையை மேலே விட்டுவிட்டு 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று மேலேற வேண்டும். மிதவையைப் பார்த்துப் படகு வந்து ஏற்றிக்கொள்ளும்.