‘மூலிகை’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு பூசலாமா?

‘மூலிகை’, ‘இயற்கை’, ‘கையால் செய்தது’... இந்த மூன்றில் ஏதாவது ஒரு வார்த்தையை டப்பாவின் மேல் ஒட்டிவிட்டால் போதும், நம் பெண்கள் விலையைக்கூடக் கேட்காமல் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பொருட்காட்சியிலும் சரி, மகளிர் குழுவினர் போடும் கடையிலும் சரி, இப்போது இவைதான். குப்பைமேனி சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு, நலங்கு மாவு, செம்பருத்தி எண்ணெய் என்று வரிசை கட்டி நிற்கின்றன. நான் இவற்றுக்கு விரோதி அல்ல. வாங்கியதையும் நானே அரைத்ததையும் எங்கள் வீட்டில் ஆறு பேர் இரண்டு மாதம் தேய்த்துப் பார்த்தோம். எதை வைத்துக்கொள்வது, எதை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று ஒரு தெளிவு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சோப்பு. கையால் செய்த சோப்பு நமக்கொன்றும் புதிதல்ல. சென்னையில் ரயில்வே டாக்டராக இருந்த வி.பி. சித்தன் 1969-ல் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்ததுதான் மெடிமிக்ஸ். இன்று பொருட்காட்சியில் விற்பவர்களும் ஏறக்குறைய அதே முறைதான். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் போன்றவற்றில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கலக்கி அச்சில் வார்க்கிறார்கள். “எங்கள் சோப்பில் காஸ்டிக்கே கிடையாது” என்று சிலர் சத்தியம் செய்வார்கள். நம்ப வேண்டாம். எண்ணெய் கட்டி சோப்பாக மாற அது வேண்டும். ஆனால் அளவு சரியாக இருந்தால் காஸ்டிக் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும், தனியாக மிஞ்சாது. வார்த்த சோப்பை நாலு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்தால் ஈரம் வற்றி இறுகி, தோலுக்கும் இதமாகிவிடும். அதனால் வாங்கும்போது நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். என்ன எண்ணெய்? என்றைக்கு வார்த்தது? செய்தவர் என்றால் டக்கென்று பதில் வரும். தயாராக விற்கும் சோப்புக் கட்டியை வாங்கி, உருக்கி, கலரும் வாசனையும் சேர்த்து விற்பவர் என்றால் கொஞ்சம் முழிப்பார்! அதுவும் தப்பில்லை, ஆனால் அதற்கு 120 ரூபாய் எதற்கு?

உபயோகித்துப் பார்த்ததில் கண்டது: நல்ல நுரை, முகத்தில் இழுப்பு குறைவு. கிளிசரின் உள்ளேயே இருப்பதால் ஈரத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரம் கொழகொழத்துப் போகிறது. அடியில் ஓட்டையுள்ள சோப்புப் பெட்டி இல்லாவிட்டால் பத்து நாளில் காலி. தேங்காய் எண்ணெய் மட்டுமே அதிகமாகப் போட்ட சோப்பு, மார்கழிப் பனியில் என் மாமியாருக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில் கிளப்பிவிட்டது. விளக்கெண்ணெய் கலந்தது அப்படிச் செய்யவில்லை. சோப்பின் மேல் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி விழுந்து சிக்கு வாடை வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது என்று அர்த்தம். துணி துவைக்கப் போட்டுவிடுங்கள். வீட்டிலேயே சோப்புக் காய்ச்சலாம் என்று சிலருக்கு ஆசை இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் அடுக்களையில் வேண்டவே வேண்டாம், அம்மா! காஸ்டிக் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தையே அரித்துப் புகை கிளப்பும்.

எங்களுக்கு போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் எந்த சோப்பானாலும் சரியாக நுரைக்காது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திப்பியாக வாளியிலும் மேலிலும் ஒட்டிக்கொள்ளும். குளியல் பொடியில் இந்தத் தொந்தரவே இல்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பயற்றம்மாவை விடவே இல்லை. எங்கள் வீட்டிலும் கடைசியில் ஜெயித்தது பொடிதான்.

நான் திரித்த அளவு இது. பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, பூலாங்கிழங்கு 100 கிராம், கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர், கோரைக்கிழங்கு எல்லாம் 50 கிராம். கிழங்குகளை ஒன்றிரண்டாகத் தட்டி, வெட்டிவேரைப் பொடியாகக் கத்தரித்து, மூன்று நாள் மொட்டை மாடியில் கலகலவென்று காயப் போடவேண்டும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பொடி பூஞ்சை பிடித்துவிடும். மில்லில் மிளகாய்ப் பொடி திரித்த கையோடு இதைக் கொட்டச் சொல்லாதீர்கள். அப்புறம் குளித்தவர் குதிக்கிற குதியைப் பார்க்க வேண்டியிருக்கும்! திரித்ததும் சூடு ஆறப் பேப்பரில் பரத்தி, சலித்து, ஈரம் படாத பாட்டிலில் போடுங்கள். குளியலறைக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் அன்றைக்குத் தேவையானது மட்டும் போகட்டும்.

கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது ஜாக்கிரதை. பல கடைகளில் பூலாங்கிழங்கையோ சாதாரண மஞ்சளையோ அந்தப் பெயரில் கொடுத்துவிடுகிறார்கள். முழுக் கிழங்காக வாங்கி முகர்ந்து பார்த்தால் கற்பூரம் கலந்தாற்போல வாசனை வரும். பொடியாக வாங்கினால் கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு.

இந்தப் பட்டியலில் கார்போக அரிசியும் எலுமிச்சைத் தோலும் எங்கே என்று சிலர் கேட்கலாம். வேண்டுமென்றேதான் விட்டேன். இரண்டிலும் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும் சத்து ஒன்று இருக்கிறது. பூசிக்கொண்டு கல்லூரிக்கும் ஆபீசுக்கும் வெயிலில் போகிற பெண்களுக்குச் சிவந்து கொப்புளித்து, பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துப் போவதும் உண்டு. எலுமிச்சைச் சாற்றை நேராக முகத்தில் தேய்ப்பதும் அப்படியே. அந்தக் காலத்தில் பெண்கள் மஞ்சள் குளித்துவிட்டு வீட்டு நிழலில் இருந்தார்கள், நாம் பஸ்ஸுக்கு நிற்கிறோம். எந்தப் பொடியானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ரூபாய் அகலம் தடவிக் கழுவிவிட்டு, இரண்டு நாள் விட்டுப் பார்த்துத்தான் முகத்துக்குப் போக வேண்டும். அரிப்பு, தடிப்பு வந்தால் அது எத்தனை உசத்தியான மூலிகையானாலும் உங்களுக்கு ஆகாது. அவ்வளவுதான்.

சீயக்காயைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்துத் திரித்தால் முடி வறளாது. எண்ணெய் தேய்க்காத நாளில் அதைப் போடாதீர்கள், தலை வைக்கோலாகிவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. என் நாத்தனார் மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் யாரோ “பெண் கொஞ்சம் நிறம் மட்டு” என்று சொன்னது காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. இங்கே வந்திருந்தபோது ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்துக் காட்டினாள். “அத்தை, இது முழுக்க மூலிகை. வீட்டிலேயே கையால செய்றாங்களாம். பன்னிரண்டு நாள்தான் போட்டேன், பாருங்க, எப்படி வெளுத்திருக்கு!” என்றாள். வெளுத்துத்தான் இருந்தது. டப்பாவில் ஒரு எழுத்து இல்லை. செய்தவர் பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எதுவரை உபயோகிக்கலாம் என்ற தேதி, ஒன்றுமே இல்லை. இதெல்லாம் சட்டப்படி இருந்தாக வேண்டியவை. 1,200 ரூபாய் கொடுத்திருக்கிறாள்!

பயறும் கிழங்கும் அழுக்கை எடுக்கும், முகத்தைப் பளிச்சென்று காட்டும். பிறவி நிறத்தைப் பன்னிரண்டு நாளில் மாற்றுகிற மூலிகை நான் அறிந்து கிடையாது. அப்படி மாற்றினால் உள்ளே பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கிறதோ என்றுதான் சந்தேகப்பட வேண்டும். 2023-ல் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரக வியாதியோடு வந்தவர்களை டாக்டர்கள் விசாரித்தபோது, பலர் இப்படி முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள் என்று தெரியவந்தது. காரணம் பாதரசம். தோல் வழியே உடம்புக்குள் இறங்கி சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஸ்டீராய்டு என்றால் தோல் மெலிந்துபோய், நிறுத்தியதும் முகம் சிவந்து பருவாகக் கொட்டும். பூசியவளோடு போவதுமில்லை. அந்தப் பாதரசம் துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டிக்கொண்டு கைக்குழந்தைக்கும் சேரும்.

“கல்யாணம் நெருங்குதே, அதுவரைக்குமாவது போடட்டுமே” என்றாள் மதினி. என் மாமியார் விடவில்லை. “நிறம் பார்த்து வாரவன் நாளைக்கு வேற என்னத்தப் பார்ப்பானோ! ஏட்டி, அதை இங்க கொண்டா” என்று டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கோளாறு இல்லை. முகத்துக்கு வெறும் பயற்றம்மாவு போதும் என்றார் அவர். பழைய நிறம் திரும்பி வருகிறபோது பெண் இரண்டு நாள் அழுதாள். பிறகு சரியாகிவிட்டது.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாதிரிப் பேரில்லாத கிரீம் பூசிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சிறுநீரில் நுரை கட்டினாலும், காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றியோ கணுக்காலிலோ வீக்கம் தெரிந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். டப்பாவை எறிந்துவிடாதீர்கள். மூடி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு அது வேண்டியிருக்கும்.