நொடிக்கு நாற்பத்தொரு துடிப்பு

பழந்தமிழ் இசைநூலார் ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர். தாழ்ந்து ஒலிப்பது மெலிவு. உயர்ந்து ஒலிப்பது வலிவு. பேஸ் கித்தார் முழுக்க முழுக்க மெலிவுக்கு உரிய கருவி. அதன் தடித்த நரம்பை மீட்டினால் நொடிக்கு 41.2 முறை அதிரும். மெல்லிசைக் குழுவில் அதை வாசிக்கத் தொடங்கிய புதிதில் அந்தப் பெயர் எனக்கு உவப்பாக இல்லை. நெஞ்சுக்கூட்டை உலுக்கும் ஒலிக்கு மெலிவு என்றா பெயரிடுவது? பின்னாளில் இயற்பியல் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் பெயரிட்டவர்கள்மீது மதிப்பு கூடியது. அவ்வொலி நம் செவிக்கு உண்மையிலேயே மெலிந்ததுதான்.

நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியைச் செவி எளிதில் பற்றிக்கொள்ளும். 40-க்கு இறங்கினால், கேட்டும் கேளாத விளிம்பைத் தொடுவதற்கே ஏறத்தாழ 50 டெசிபல் கூடுதலாக வேண்டும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. ஐம்பது கூடினால் ஒரு லட்சம் மடங்கு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. விளிம்பைக் கடந்தபின், தாழ்ந்த ஒலி மற்ற ஒலிகளைவிட விரைந்து உரத்துவிடும். வீட்டில் அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி மெல்ல வாசித்தபடி திருகி வைத்த பேஸ் குமிழ், மேடையில் ஒலியைக் கூட்டியதும் பால்போல் பொங்கி வழிவது இதனால்தான். குமிழை மேடையிலேயே, மேடைக்குரிய உரப்பில் வைத்துத் திருக வேண்டும்.

தாழ்ந்த ஒலி பெரிய உடலைக் கேட்கும். கொங்கு நாட்டில் மாரியம்மன் நோம்பிக்குத் துடும்பு கொட்டக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; தோல் அகன்றால் ஒலி தாழும். மேலைநாட்டு இசைக்குழுக்களில் அந்த வேலையைச் செய்த டபுள் பேஸ் ஆள் உயரக் கருவி. அதன் மரக்குடம் அவ்வளவு பெரிதாக இருப்பது நரம்பின் அசைவைக் காற்றுக்குக் கைமாற்றிவிடத்தான். 1951-இல் அமெரிக்கரான லியோ ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அந்தக் குடத்தையே நீக்கிவிட்டார். எஞ்சியது கெட்டி மரப்பலகை, நரம்பின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். சாதாரண கித்தாரின் நீளம் 25.5 அங்குலம். இந்த நீளம் மட்டும் ஒலியை முக்கால் பங்குக்குத்தான் இறக்கும். மீதி இறக்கத்தைக் கனம் பார்த்துக்கொள்கிறது: கித்தாரின் தடித்த நரம்பு 1.2 மில்லிமீட்டர் என்றால் பேஸின் தடித்த நரம்பு 2.7 மில்லிமீட்டர். அவ்வளவு தடிமனில் ஒற்றைக் கம்பியைக் கட்டினால் அது நரம்பாக அதிராது, கடப்பாரைபோல் விறைத்து நிற்கும். ஆகவே நடுவே மெல்லிய எஃகு இழை, அதன்மேல் சுற்றுக்கம்பி. சுற்றில் வியர்வையும் அழுக்கும் ஏறினால் நரம்பு செத்துவிடும். புதுக் கித்தாருக்கு ஏங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது புது நரம்புதான்.

நான்கு நரம்பும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 75 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கின்றன. அதற்கு எதிராகக் கழுத்து மரத்துக்குள் ஓர் எஃகுத் தண்டு கிடக்கிறது. பங்குனி வெயிலில் வறண்டு கிடந்த மரம், வைகாசி முடிவில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று நுழைந்ததும் வேறு மரமாகிவிடும். நரம்பு மேலெழும்பும், விரல் வலிக்கும். ஆலன் சாவியால் தண்டைக் கால் சுற்று திருகினால் போதும். விலை பேசுமுன் அந்தத் தண்டு திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

குடம் இல்லாத கருவி எப்படி ஒலிக்கிறது? இதைக் கோயம்புத்தூர்க்காரருக்குச் சொல்வது எளிது. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. காந்தமும் செம்புச் சுற்றும் உள்ள இடத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அசைவு பிறக்கும், அது மோட்டார். அதே இடத்தில் அசைவைக் கொடுத்தால் மின்சாரம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட அந்த இரண்டாம் பாதிதான் கித்தாரின் பிக்கப். நரம்புக்கடியில் காந்தம், அதைச் சுற்றித் தலைமயிரளவு மெல்லிய எனாமல் செம்புக்கம்பி பத்தாயிரம் சுற்று. எஃகு நரம்பு அசைய, காந்தப்புலம் குலைய, சுற்றில் மின்னழுத்தம் எழுகிறது. நைலான் நரம்பு கட்டினால் பிக்கப் ஊமையாகிவிடும். மோட்டார் காயில் கட்டும் நண்பர் ஒருவரிடம் என் பழைய பிக்கப்பைக் காட்டினேன். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க, சிலந்தி கட்டுன காயிலாட்ட இருக்குது" என்றார்.

அந்தச் சுற்று நரம்பை மட்டும் கேட்பதில்லை. அருகிலுள்ள மின்கம்பியையும் கேட்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசைமாறுவது. தடித்த நரம்பின் மூன்றாம் ஃபிரெட்டில் பிறக்கும் ஜி சுரத்தின் அதிர்வெண் 49. மெல்லிய நரம்பைத் திறந்து வாசித்தால் வரும் ஜி 98. மின்சார இரைச்சலின் இரட்டிப்போ 100. ஒன்றோடொன்று உரசும் 98-உம் 100-உம் நொடிக்கு இரண்டு முறை வீங்கி வடியும். கோயில் விழா மேடையில் ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் சூழ நின்று அந்த ஜியை நீட்டி வாசித்தால் நரம்பே மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். 60 சுழற்சி மின்சாரம் உள்ள அமெரிக்காவில் இந்த வேடிக்கை ஜியில் நிகழாது. 1957-இல் ஃபெண்டர் பிக்கப்பை இரு துண்டாக வெட்டினார்: தடித்த இரு நரம்புக்கு ஒன்று, மெல்லிய இரு நரம்புக்கு ஒன்று. சுற்றுத்திசையும் காந்தத்திசையும் ஒன்றுக்கொன்று எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நரம்பின் ஒலி அழியாது. எர்த் இணைப்பை நம்ப முடியாத மேடைகளில் வாசிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இந்த இருதுண்டு வகையே ஏற்றது. நிறமும் பளபளப்பும் அப்புறம்.

ஃபெண்டர் நீக்கிய குடம் எங்கே போயிற்று? ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் போயிற்று. பேஸ் கித்தாரின் மறுபாதி அந்தப் பெட்டிதான். கித்தாருக்குக் காசு முழுவதையும் கொட்டிவிட்டுப் பெட்டியை இரவல் வாங்குவது, குடமில்லாத வீணையை வாங்கிவந்ததற்கு ஒப்பு. அதிர்வெண் பாதியானால், அதே உரப்புக்குக் கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டும். இது தெரியாத காலத்தில் பொள்ளாச்சித் திருமணம் ஒன்றுக்கு லீட் கித்தாரின் சிறு பெட்டியில் என் பேஸை மாட்டினேன். மூன்றாம் பாட்டில் காகிதம் கிழியும் ஓசை. உண்மையிலேயே கூம்புக் காகிதம்தான். பிழை என்னுடையது.

பெட்டி வாங்கப் போகிறவர்கள் வாட் எண்ணையே கேட்கிறார்கள். 150 வாட்டை 300 ஆக்கினால் கூடுவது மூன்றே டெசிபல். செவிக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து டெசிபல் வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் என்ற எண்ணும் விவரத்தாளில் இருக்கும். அது 94-க்குப் பதில் 97 என்றிருந்தால், பாதி வாட்டில் அதே ஒலி கிடைக்கும்.

அடுத்தது அறை. எங்கள் குழு ஒத்திகை பார்த்தது பதினான்கடி நீளமுள்ள மாடியறையில். கோவை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் விரையும். 41.2-ஆல் வகுத்தால் ஓர் அலையின் நீளம் எட்டரை மீட்டர். அதில் பாதி பதினான்கடி! அறையின் நீளமும் அரையலையும் ஒத்துப்போனதால் சுவரோரம் அழுத்தம் உச்சமாகவும், நட்ட நடுவில் ஏறத்தாழச் சுழியாகவும் நின்றுவிட்டது. நடுவில் நின்ற எனக்கு என் நரம்பே கேட்கவில்லை, குமிழைத் திருகினேன். சுவரில் சாய்ந்திருந்த டிரம்ஸ்காரர், "கொறைங்க, கொறைங்க, காது அடைக்குது" என்று கத்தினார். மாதக்கணக்கில் ஒருவரையொருவர் குறை சொன்னோம். பிறகு நான் நான்கடி தள்ளி நின்றேன், சண்டை தீர்ந்தது.

இத்தனைக்கும் நடுவே ஒரு புதிர். உள்ளங்கையளவு ஒலிபெருக்கியில் இளையராஜா பாட்டைக் கேட்டாலும், சசிதரன் வாசித்த பேஸ் நடை காதில் விழுகிறதே! அந்தச் சிறு கூம்பால் 41-ஐ ஒலிக்கவே முடியாது. அது தருவது 82, 124, 165 என்ற மடங்குகளை மட்டும். அவற்றின் பொது இடைவெளியைக் கண்டு, இல்லாத அடியொலியை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. 1840-களிலேயே ஜெர்மானியரான சீபெக் சைரன் சக்கரத்தைச் சுழற்றி இதைக் காட்டினார். அதனால் கடையில் கித்தாரைத் தேர்வு செய்யும்போது ஆழ்ந்த முழக்கத்தை நான் தேடுவதில்லை. பேஸ் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு வாசித்துப் பார்ப்பேன். அப்போதும் சுரம் தெளிவாக நின்றால் அதன் மடங்கொலிகள் சுத்தம். அந்தக் கித்தாரை எந்த மண்டபத்துக்கும் எடுத்துப் போகலாம்.

சுவர்களும் உயர்ந்த ஒலியைத் தடுக்கும் அளவுக்குத் தாழ்ந்த ஒலியைத் தடுப்பதில்லை. சென்ற தை மாதம் ஒரு வரவேற்புக் கச்சேரி முடிந்து, மண்டபத்துக்கு எதிரே தேநீர் குடிக்கப் போனேன். கடைக்காரர் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"உள்ள உங்க கச்சேரிங்களா? என்ன பாட்டுன்னே தெரியலீங்க. தொம்தொம்னு மட்டும் ராவெல்லாம் இங்கவரைக்கும் வந்துட்டே இருந்துச்சுங்க."

அது நான்தான் என்றேன். சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார்.